விலை என்று எழுதிவிட்டேன்

நான்கு வருடங்களுக்கு முன்னால், மழைக்காலம் முடிந்து நவராத்திரிக்கு முந்தைய வாரத்தில் நடந்தது இது. மும்பை செம்பூரில் ஒரு வெளிநாட்டுக் கார் கம்பெனியின் ஷோரூமில் நான் விற்பனைப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த நாடு, எந்தக் கம்பெனி என்பதெல்லாம் இப்போது எதற்கு? அவர்கள் ஊரில் தெருவுக்கு நாலு அந்த வண்டிதான் நிற்குமாம். இங்கே வந்து மூன்று வருடம் ஆகியும், சிக்னலில் நின்றால் பக்கத்து டாக்சிக்காரர் "இது என்ன வண்டி?" என்று எட்டிப் பார்க்கிற நிலைமைதான்.

நான் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவள். எனக்கு வாய் உண்டு. தமிழ், ஹிந்தி, மராத்தி, இங்கிலீஷ் என்று நான்கிலும் பேசி, எழுந்து போகப் பார்க்கிறவரை உட்கார வைத்துவிடுவேன். அந்தக் கர்வமும் கொஞ்சம் உண்டு. ஆனால் எவ்வளவு பேசினாலும் வண்டி மட்டும் விற்கவில்லை. வருவார்கள், சுற்றிச் சுற்றிப் பார்ப்பார்கள், கதவை இரண்டு தரம் திறந்து மூடி "சத்தம் கெட்டியாக இருக்கிறதே" என்று பாராட்டுவார்கள், காபி குடிப்பார்கள், போய்விடுவார்கள்.

வாங்காமல் போகிற ஒவ்வொருவரைப் பற்றியும் நாங்கள் கம்ப்யூட்டரில் பதிய வேண்டும். பெயர், போன் நம்பர், எந்த மாடல் பார்த்தார், கடைசிக் கட்டத்தில், அவர் வாங்காததற்குக் காரணம். அந்தக் கடைசிக் கட்டம் நேரே வெளிநாட்டுத் தலைமை அலுவலகத்துக்குப் போகும். அதில் நாங்கள் எல்லோரும் எழுதியது ஒன்றே ஒன்றுதான். விலை அதிகம்.

வேறு எதை எழுதினாலும் மேனேஜர் பிடித்துக்கொள்வார். 'சீட் பிடிக்கவில்லை' என்று எழுதினால், நீ சரியாக எடுத்துச் சொல்லவில்லையா என்பார். 'யோசித்துச் சொல்கிறேன் என்றார்' என்று எழுதினால், எத்தனை தடவை போன் பண்ணினாய் என்பார். விலை என்று எழுதிவிட்டால் யாரும் யாரையும் எதுவும் கேட்க முடியாது. விலை வைத்தது நாங்கள் இல்லையே! வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே பக்கத்து மேஜைக்காரர் எனக்கு இந்தச் சூட்சுமத்தைச் சொல்லிக்கொடுத்தார். எனக்குப் பிறகு வந்தவர்களுக்கு நான் சொல்லிக்கொடுத்தேன்.

அந்த வாரத்தில் ஒரு நாள் காலை, தாராவியிலிருந்து ஒருவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். தோல் பை தைக்கிற பட்டறை வைத்திருக்கிறவர், பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். பட்டறைக்கு ஒரு டெம்போ உண்டு, வீட்டுக்கென்று வாங்கப்போவது இதுதான் முதல் கார். கூடவே மனைவி. அவர்களுக்குப் பின்னால் சட்டையிலும் செருப்பிலும் கிரீஸ் கறையோடு முப்பத்தைந்து வயதுக்காரர் ஒருவர். எங்கள் ஷோரூம் தரை வெள்ளைவெளேரென்று இருக்கும். நான் அந்தச் செருப்பைப் பார்த்தேன். டிரைவர் என்று நானே முடிவு செய்துகொண்டு, "டிரைவர் வெளியில உட்காரட்டும் சார், அங்க சேர் இருக்கு" என்று சிரித்தபடியே சொன்னேன். பட்டறைக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கிரீஸ் சட்டைக்காரரே கையமர்த்திவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொண்டார்.

நான் தமிழில் பேச ஆரம்பித்ததும் தம்பதி இருவருக்கும் முகம் மலர்ந்துவிட்டது. மேடம் என்று கூப்பிட்டவர் ஐந்தே நிமிடத்தில் தங்கச்சி என்றார். அந்த அம்மாவுக்குச் சிவப்பு நிறம் பிடித்துவிட்டது. பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தவர் இறங்கவே இல்லை. இன்றைக்கு ஒரு புக்கிங் நிச்சயம் என்று நான் மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டேன்.

டிக்கியைத் திறந்து காட்டியபோது அவர் அடியில் இருந்த அட்டையைத் தூக்கிப் பார்த்தார்.

"ஸ்டெப்னி எங்க தங்கச்சி?"

முந்தைய மாடலில் மாற்றுச் சக்கரம் இருந்தது. புது மாடலில் இல்லை. அதற்குப் பதிலாக ஒரு சின்னப் பெட்டியில் பஞ்சரை அடைக்கிற மருந்தும் காற்றடிக்கிற மோட்டாரும் கொடுத்திருந்தார்கள். அதை நான் ஏதோ வைரமாலையை எடுத்துக் காட்டுகிற மாதிரி எடுத்துக் காட்டினேன். வெளிநாட்டில் எல்லாரும் இப்போது இதைத்தான் பயன்படுத்துகிறார்கள் என்றும் சொன்னேன். அவர் பெட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நாங்க வருசா வருசம் ஊர்ச் சர்ச்சுல அசன விருந்துக்கு வாடக வண்டியிலதான் போறது. இந்தத் தடவ சொந்த வண்டியில போவணும்னு இவளுக்கு ஆச. ஹூப்ளி தாண்டி ராத்திரி ரெண்டு மணிக்கு டயரு கிழிஞ்சிட்டுன்னா இத வச்சி என்ன செய்ய?"

"ஹெல்ப்லைன் இருக்கு சார். இருபத்துநாலு மணி நேரமும் போன் எடுப்பாங்க."

"போன் எடுப்பாங்க, சரி. ஆளு எப்பம் வரும்?"

நான் அதற்கும் ஏதோ பதில் சொன்னேன். பதில் சொல்ல எனக்கா தெரியாது! பிறகு ஓட்டிப் பார்க்கக் கிளம்பினோம். வெளியே உட்கார்ந்திருந்தவரையும் ஏற்றிக்கொள்ளலாமா என்று கேட்டார். வாடிக்கையாளரும் கூட ஒருவரும் மட்டும்தான் ஏறலாம், அது கம்பெனி விதி என்றேன். திரும்பி வந்ததும், அவன் ஒரு தடவை பானெட்டைத் திறந்து பார்க்கட்டுமே என்றார். வெளியாள் கைவைத்தால் வாரண்டி போய்விடும் என்று அதற்கும் ஒரு விதியை எடுத்துவிட்டேன். வியாழக்கிழமை வந்து அட்வான்ஸ் கொடுக்கிறோம் என்று சொல்லி, கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

வியாழக்கிழமை வரவில்லை. போன் செய்தேன், எடுக்கவில்லை. இரண்டாவது தடவை செய்யவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் அவர் பெயருக்கு எதிரே வழக்கமான அந்த இரண்டு வார்த்தையை எழுதிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். மும்பையில் கம்பெனிக்கு மூன்று ஷோரூம்கள். அதில் ஒன்றை மூடப்போகிறார்கள், எதை என்று முடிவு செய்யத்தான் வருகிறார் என்று மேனேஜர் முதல் நாளே எங்களைக் கூட்டிச் சொல்லியிருந்தார். நாங்கள் பதினெட்டுப் பேர். அன்று எல்லோரும் அரை மணி முன்னதாகவே வந்து, சும்மாவாவது எதையாவது துடைத்துக்கொண்டிருந்தோம்.

மனிதர் நெட்டையாக, அமைதியாக இருந்தார். குரல் உயர்த்தவே இல்லை. லேப்டாப்பைத் திறந்து இரண்டு வருடப் பதிவுகளை எங்களுக்குக் காட்டினார். திரை முழுக்க விலை, விலை, விலை. மேலிருந்து கீழே நகர்த்திக்கொண்டே போனார், முடியவே இல்லை. பிறகு இங்கிலீஷில் நிதானமாகச் சொன்னார்: "நீங்கள் விலை அதிகம் என்றீர்கள். உங்களுக்கு உங்கள் மக்களைத் தெரியும் என்று நாங்கள் நம்பினோம். விலையைக் குறைக்க ஸ்டெப்னியை எடுத்தோம். பின்சீட்டு ஏசியை எடுத்தோம். சீட்டில் பஞ்சைக் குறைத்தோம். அப்போதும் விலை அதிகம் என்கிறீர்கள். இன்னும் எதை எடுக்கட்டும்?"

எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. ஸ்டெப்னி ஏன் காணாமல் போனது என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை. வெளிநாட்டுக்காரனுக்கு நம் ஊர் ரோடு தெரியவில்லை பார் என்று காண்டீனில் உட்கார்ந்து அவர்களைக் கேலி செய்தவர்களில் நான்தான் முதல் ஆள். அதை எடுக்கச் சொன்னதே நாங்கள்தான்.

அவர் பட்டியலின் கடைசி வரிக்குப் போனார். "இது மூன்று நாளுக்கு முந்தையது. இவரைப் பார்க்க வேண்டும். இப்போதே." அது என் வரி. தாராவிக்காரர்.

முன்கூட்டி ஒரு போன் செய்துவிடுகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். ஏன் வாங்கவில்லை என்று நான் கேட்கவே இல்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். வழியெல்லாம், ஆள் ஊரில் இருக்கக்கூடாதே என்று வேண்டிக்கொண்டே டெமோ வண்டியை ஓட்டினேன். அறுபதடி ரோட்டில் ஓரமாக நிறுத்திவிட்டுச் சந்துக்குள் நடந்தோம். பட்டறை மாடியில் இருந்தது. செங்குத்தான இரும்புப் படி. அதிகாரி ஏறி முடிக்கும்போது வாசல் சட்டத்தில் தலையை இடித்துக்கொண்டார். உள்ளே வேலை செய்துகொண்டிருந்தவர்கள் எல்லோரும் ஒரே குரலாக "பாத்து, பாத்து" என்றார்கள். ஆள் ஊரில்தான் இருந்தார்.

அவர் எங்களைப் பார்த்து ஆச்சரியப்பட்டாலும் முகம் சுளிக்கவில்லை. மேஜையில் கிடந்த தோல் துண்டுகளை ஒதுக்கி உட்காரவைத்தார். டீ வந்தது. அதிகாரி என்னைப் பார்த்து, அவருக்கு எந்த மொழி வசதியோ அதிலேயே கேளுங்கள், அவர் சொல்வதை அப்படியே எனக்குச் சொல்லுங்கள் என்றார்.

கேட்டேன். அவர் சிறிது தயங்கிவிட்டு, தங்கச்சி கேக்கீய, அதனால சொல்லுதேன் என்று ஆரம்பித்தார். வேறு வண்டி வாங்கியாகிவிட்டதாம். எங்கள் வண்டியைவிட அது கொஞ்சம் கூடுதல் விலைதானாம். "அன்னைக்கி எங்கூட வந்தவன் டிரைவர் இல்ல. மெக்கானிக்கு. எங்க டெம்போவ பன்னெண்டு வருசமா அவன்தான் பாக்கான். நாளைக்கி வண்டி நின்னா நான் கூப்பிடுறது உங்கள இல்ல, அவனத்தான். அவன் தொட முடியாத வண்டிய வாங்கி நான் என்ன செய்ய? அவன வெளிய உக்கார வச்சிட்டீய. சரி, அது உங்க எடம். ஆனா அவன் பாக்காத வண்டிக்கு நான் எப்படித் துட்டு குடுப்பேன்?"

அதிகாரி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. பட்டறைக்காரருக்கு இங்கிலீஷ் தெரியாது என்று நினைத்தேன். இரண்டு பேருக்கும் நடுவில் நான் ஒருத்திதான். பதினெட்டுப் பேர் வேலை, என் பெயர், மேனேஜர் முகம் எல்லாம் ஒரு நொடியில் வந்து போயின. நான் இங்கிலீஷில், வண்டி பிடித்திருந்ததாம், ஆனால் பிரைஸ் கொஞ்சம் அதிகம் என்று தோன்றியதாம் என்று சொல்லிவிட்டேன். கூசாமல் சொன்னேன் என்று எழுத எனக்கு இப்போதும் கூசுகிறது.

தோல் பை வியாபாரத்தில் இருக்கிறவருக்குப் பிரைஸ், சாம்பிள், டெலிவரி இந்த மூன்று வார்த்தை கூடவா தெரியாமல் இருக்கும்? அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். அதிகாரி பக்கம் திரும்பவே இல்லை. எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, குரலைத் தாழ்த்தி, சிரித்த முகமாகவே சொன்னார்.

"பிரைஸ்னு நான் சொல்லலியே தங்கச்சி. சொன்னத சொல்லுங்க. ஒண்ணும் ஆகாது."

திட்டியிருந்தால் நானும் ஏதாவது சமாளித்திருப்பேன். அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதுதான் தாங்கவில்லை. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. ஒரு வாய் டீயை விழுங்கிவிட்டு, அதிகாரியிடம், நான் சரியாகச் சொல்லவில்லை, மறுபடி சொல்கிறேன் என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். கூடுதல் விலை கொடுத்து வேறு வண்டி வாங்கியதை, ஹூப்ளியை, ஸ்டெப்னியை, மெக்கானிக்கை வெளியே உட்காரவைத்தது நான்தான் என்பதை. சொல்லி முடித்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்: "அந்த மெக்கானிக் இங்கே இருக்கிறாரா?"

இரண்டு சந்து தள்ளித்தான் அவருடைய கடை. கூப்பிட்டதும் வந்தார். என்னைப் பார்த்து, எப்போதும் பார்க்கிற ஆளைப் பார்ப்பது போலத் தலையசைத்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோது, "அட விடுங்கக்கா, கிரீஸு செருப்புதான" என்றார். ரோட்டுக்கு வந்து டெமோ வண்டியின் பானெட்டைத் திறந்தோம். வாரண்டி விதி எனக்கு ஞாபகம் வந்தது; வாயைத் திறக்கவில்லை.

அவர் உள்ளே கையை விட்டுக் காட்டினார். முழங்கைக்கு மேல் போகவில்லை. "பல்பு மாத்தணும்னா பம்பரக் கழத்தணும். பேட்டரி எங்க இருக்குன்னு பாக்கவே ரெண்டு மூடிய எடுக்கணும். அதுக்கு ஸ்பானர் நம்ம ஊர்ல கெடைக்காது." நான் மொழிபெயர்க்கத் தொடங்குவதற்குள் அதிகாரி கோட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டார். சட்டைக் கையை மடித்து, தானும் கையை விட்டுப் பார்த்தார். போகவில்லை. வேறு பக்கமாக விட்டார். மெக்கானிக் அவர் மணிக்கட்டைப் பிடித்து, இப்படி, இப்படி என்று தமிழிலேயே சொன்னார். அவரும் தன் மொழியில் ஏதோ சொன்னார், அது இங்கிலீஷ் கூட இல்லை. கால் மணி நேரம் இரண்டு பேரும் வண்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசினார்கள். நாலு மொழிக்காரி நான் கோட்டைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றேன்.

திரும்பும் வழியில் சயன் தாண்டும்வரை அவர் கையில் ஒட்டிய கிரீஸைத் துடைத்துக்கொண்டே வந்தார். பிறகு, நீங்கள் முதலில் சொன்னதும் இரண்டாவது சொன்னதும் வேறு வேறு, இல்லையா என்றார். ஆமாம் என்றேன். அந்தப் பட்டியலில் எத்தனை விலை உண்மையான விலை என்று கேட்டார். "தெரியாது. நான் கேட்டதில்லை" என்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கோபமா, களைப்பா என்று எனக்குத் தெரியவில்லை.

என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. மறுநாளிலிருந்து நானாகவே ஒரு வேலையைத் தொடங்கினேன். என் பெயரில் இருந்த பழைய பதிவுகளை எடுத்து வைத்துக்கொண்டு, மதிய வேளையில் ஒவ்வொருவருக்காகப் போன் செய்தேன். விற்க இல்லை, ஏன் வாங்கவில்லை என்று கேட்க. பலர் வைத்துவிட்டார்கள். பேசியவர்கள் சொன்னதை வார்த்தை மாறாமல் எழுதிக்கொண்டேன். காட்கோபர்காரர் ஒருவருக்கு அவர் கட்டடத்துப் பார்க்கிங்கில் இரண்டு பக்கமும் தூண். எங்கள் வண்டியின் நீளக் கதவைத் திறந்தால் இறங்க இடம் போதாது. டோம்பிவிலிக்காரர் ஒருவர், சர்வீஸுக்கு விட ஒரு நாள், எடுக்க ஒரு நாள் என்று இரண்டு நாள் லீவு யார் தருவார் என்றார். டிராம்பேயிலிருந்து ஒரு பெண், "வாங்க வந்தது நான். நீங்க பூரா நேரமும் என் வீட்டுக்காரர் மூஞ்சியப் பாத்தே பேசினீங்க. அவருக்கு வண்டியே ஓட்டத் தெரியாது" என்றார். நானும் பெண்தான், எனக்கே அது தோன்றவில்லை பாருங்கள். ஒரே ஒருவர் மட்டும், "விலைதான் மேடம்" என்றார். அவருக்கு மனமார நன்றி சொன்னேன்.

எல்லாவற்றையும் எழுதி அந்த அதிகாரிக்கு அனுப்பினேன். நன்றி, ஒவ்வொன்றையும் படித்தேன் என்று பதில் வந்தது. அடுத்த வருடம் வந்த மாடலில் ஸ்டெப்னி இருந்தது. பேட்டரியையும் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்திருந்ததாகக் கேள்விப்பட்டேன். அதை விற்க எங்கள் ஷோரூம் இல்லை. மூன்றில் மூடியது எங்களுடையதைத்தான்.

கடைசி நாளன்று, எங்களுக்குக் காபி போட்டுக் கொடுக்கிற மராத்தி அம்மாள் என் மேஜைக்கு வந்து, ஏன் மூடுகிறார்கள் என்று கேட்டார். மேனேஜரிடம் கேட்டாராம், நம் ஊருக்கு அந்த விலை ஒத்துவரவில்லை என்றாராம். ஆமாம் என்று நானும் தலையாட்டியிருந்தால் அவர் போயிருப்பார். "வந்தவர்களிடம் நாங்கள் எதையும் கேட்கவே இல்லை அக்கா, கேட்டதாக எழுதினோம்" என்றேன். அவருக்கு அது எவ்வளவு புரிந்தது என்று தெரியாது. சரி என்று சொல்லிவிட்டு என் கப்பை எடுத்துக்கொண்டு போனார்.

இப்போது வேறொரு இடத்தில், வேறு சாமான் விற்கிறேன். ஒருவர் வேண்டாம் என்று எழுந்தால், ஏன் என்று கேட்டு, அவர் சொல்கிறவரை வாயை மூடிக்கொண்டு காத்திருக்கிறேன். அந்த அதிகாரி வருவதற்கு இரண்டு வருடம் முன்னாலேயே நான் அப்படிக் காத்திருந்தால் அந்தப் பதினெட்டுப் பேர் வேலை தப்பியிருக்குமா என்று எனக்குத் தெரியாது, அது தெரியாமலே போனதுதான் இன்றுவரை என்னை உறுத்துகிறது.